வேலிக்கு வெளியே நிற்கும் இருளர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்கைக்குத் திரும்புவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மண்பானைத் தண்ணீர், சிறுதானியம், வெறுங்காலோடு புல்லில் நடப்பது எல்லாம் சரி. 'நாம் தொலைத்துவிட்ட பழங்குடி ஞானம்' என்று ஒரு வரி வந்ததே, அது மட்டும் உறுத்தியது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எதையும் தொலைக்கவில்லை.

போன ஐப்பசியில் எங்கள் கொல்லையில் விறகு அடுக்கியிருந்த இடத்தில் பாம்புச் சட்டை கிடந்தது. பயந்துபோய் ஏரிக்கரையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வரச் சொன்னேன். கையில் சின்னக் கடப்பாரையோடு வந்தார். சட்டையை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "சாரைம்மா, உரிச்சு ரெண்டு நாள்கூட ஆவல" என்றார். அப்புறம் துவைக்கிற கல்லுக்கு அடியில் இருந்த எலி வளையைக் காட்டி, "இதுக்குத்தான் வந்திருக்கு. அது வேலையைப் பார்க்கட்டும், விட்டுடுங்க" என்றார். பாம்புக்கடிக்குப் பச்சிலை வைத்திருப்பீர்களாமே என்று கேட்டேன். சிரித்தார். "விரியன் கடிச்சா பச்சிலை தேடிக்கிட்டு நிக்காதீங்க, பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க." மரபு என்றாலே மூலிகை என்று எழுதும் கட்டுரையாளர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

அந்த ஆஸ்பத்திரி ஊசிக்குப் பின்னாலும் இவர்கள்தான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை நிறுத்தின. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் நடக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகையைப் பிடித்து வருகிறார்கள். சில வாரம் பானையில் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, அதே பாம்பு மறுபடி சிக்கினால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் கையால் எடுத்ததுதான்.

இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரையும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்கத்தான். அந்த ஊரை முன்பின் பார்த்திராதவர்கள், இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பேரப்பிள்ளைகளுக்கு நான் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

இயற்கையோடு உறவு என்று கட்டுரையில் நிறைய எழுதியிருந்தீர்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்கு ஒருமுறை நிருபரை அனுப்புங்கள். இருளர்களின் தெய்வம் கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாளாம். அவளைச் சமாதானம் செய்து வீட்டுக்கு அழைத்துவரப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். புடவையை மறைப்பாகக் கட்டி மணலிலேயே தங்கி, விடியற்காலையில் மணலில் ஏழு படி பிடித்துப் பூஜை செய்கிறார்கள். கல்யாணம், காதுகுத்து, மொட்டை எல்லாம் அங்கேயே. கடல் அவர்களுக்கு அம்மாவின் பிறந்தவீடு மாதிரி என்று எனக்குத் தோன்றும்.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் 'இயற்கையோடு வாழுங்கள்' என்று பலகை வைத்து மனை விற்கிறார்கள். முதல் வேலையாகப் புதர்க்காட்டை வழித்து, சுற்றிலும் கம்பிவேலி போடுகிறார்கள். எலி வளையும் கிழங்கும் ஈசலும் பார்த்து இருளர்கள் நடந்த தடம் வேலிக்கு உள்ளே போய்விட்டது. என்னைக் கேட்டால், அந்தப் பெரியவருக்குத் தெரிந்ததெல்லாம் நடந்து நடந்து தெரிந்துகொண்டது. நடக்க இடமில்லாமல் அவர் பேரனுக்கு எப்படி வரும்? அவன் இப்போது செங்கல் சூளைக்குப் போகிறான். சாதிச் சான்றிதழ் கேட்டு அலைகிறார்கள், குடிசை போட்ட இடத்துக்குப் பட்டா இல்லை.

அன்றைக்கு அந்தப் பெரியவரை நானும் வாசலிலேயே நிறுத்தித்தான் இருநூறு ரூபாய் கொடுத்து அனுப்பினேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை. மறுவாரம் ஏரிக்கரைக்குப் போய்த்தான் கேட்டுக்கொண்டேன். 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்று அடுத்த கட்டுரை போடும்போது, வார இறுதிப் பண்ணை வீடுகளை விட்டுவிட்டு இவர்களின் பட்டா எந்த மேஜையில் கிடக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருக்கழுக்குன்றம் வட்டம்.