ஃபுட்பாலைத் தனியே பிரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் (பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு) மாறுவது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, எல்லாவற்றுக்கும் பணத்தாசைதான் காரணம் என்று முடித்திருந்தது. உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று சொன்னால்தான், எந்த ஊர் ரசிகர்கள் ஏன் கைவிடப்பட்டார்கள் என்பது விளங்கும்.

கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) ஒளிபரப்பில் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த ஏகபோகத்தை 1984இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உடைத்தது. அதன்பின் கான்ஃபரன்ஸ்களே உரிமையை விற்றன. 2007இல் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் தனக்கென ஒரு சேனல் தொடங்கியதும் கணக்கு புதிதானது. உறுப்பினர் பல்கலைக்கழகம் உள்ள மாநிலங்களில் கேபிள் வீடு ஒன்றுக்கு மாதம் ஏறக்குறைய ஒரு டாலர், மற்ற இடங்களில் சில சென்ட் மட்டும். நம் ஊர் கேபிள் பேக்கேஜில் பார்க்காத சேனலுக்கும் காசு போகிறதே, அதே ஏற்பாடுதான். 2014இல் ரட்கர்ஸ், மேரிலாண்ட் பல்கலைக்கழகங்கள் பிக் டென்னுக்குள் வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. நியூயார்க் பகுதியில் ரட்கர்ஸ் ஆட்டத்தை எத்தனை பேர் ரசிப்பார்கள் என்பதைவிட, அங்கே எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்பதே அன்று விலை பேசியது.

மக்கள் கேபிளைத் துண்டிக்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு தளர்ந்தது. இப்போது பார்ப்பவர் எண்ணிக்கைக்குத்தான் விலை. ஏ.சி.சி. என்ற இன்னொரு கான்ஃபரன்ஸ், தன் உறுப்பினர்கள் சிலருடன் 2025 மார்ச்சில் செய்த சமரசத்தில், ஒளிபரப்பு வருவாயில் 60 சதவீதத்தை ஐந்தாண்டுப் பார்வையாளர் சராசரியை வைத்துப் பிரிக்க ஒப்புக்கொண்டது.

இந்த மாற்றத்தில் நசுங்கியது மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸ். 2012இல் தொடங்கிய சேனலைப் பங்காளி இல்லாமல் முழுக்கத் தானே வைத்துக்கொண்டது. டைரக்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் டிவி நிறுவனத்துடன் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. அதனால் சொந்த மாநில ரசிகர்களிலேயே பலருக்குச் சேனல் கிடைக்கவில்லை. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தபோது, நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தையான அந்நகரம் கையை விட்டுப் போயிற்று. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் மேலும் ஐந்து பல்கலைக்கழகங்கள் புறப்பட்டன; அவற்றில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் பிக் டென்னுக்குப் போனது. மற்றவையும் போனபின் எஞ்சியவை கோர்வாலிஸில் உள்ள ஓரிகன் ஸ்டேட்டும் புல்மனில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட்டும். இரண்டும் சிற்றூர்கள். விசுவாசமான ரசிகர்கள் இருந்தும் வீடுகளின் எண்ணிக்கை குறைவு என்பதுதான் அவர்களுக்கு எதிராக நின்றது. ஓரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்களுடன் நவம்பர் இறுதியில் நடந்து வந்த அவர்களது பரம்பரைப் போட்டிகள் இரண்டும் 2024இல் செப்டம்பர் 14க்குத் தள்ளப்பட்டன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கட்டுரை தொடாத இன்னொரு பக்கமும் உண்டு. ஃபுட்பால் அணி வாரம் ஒருமுறை, பெரும்பாலும் சனிக்கிழமை ஆடுகிறது. தனி விமானத்தில் போய்த் திரும்பிவிடும். வாலிபால், சாஃப்ட்பால் அணிகளுக்கு ஆட்டங்கள் அதிகம், பட்ஜெட் குறைவு. சியாட்டிலிலிருந்து ரட்கர்ஸ் உள்ள நியூஜெர்சிக்குச் சுமார் 3,800 கி.மீ., மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. ஞாயிறு மாலை ஆட்டம் முடிந்து புறப்படும் மாணவி திங்கள் காலை வகுப்பில் எப்படி உட்காருவாள்?

தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நோட்ரே டேம் 2013 முதல் பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி.யில் ஆடுகிறது, ஃபுட்பாலில் மட்டும் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை. யு.சி.எல்.ஏ.யின் வாட்டர் போலோவும் ஆண்கள் வாலிபாலும் பிக் டென்னில் இல்லை, மேற்குக் கரைக் கூட்டமைப்பு ஒன்றில் நடக்கின்றன. ஃபுட்பாலும் கூடைப்பந்தும் டிவி ஒப்பந்தத்தோடு போகட்டும். கூடைப்பந்தைப் பிரிப்பது கடினம், ஒப்பந்தங்களே அதைச் சேர்த்து எழுதப்பட்டவை. மற்றவை பிராந்திய லீக்குகளுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு எல்லா விளையாட்டிலும் ஒரே கான்ஃபரன்ஸில்தான் ஆட வேண்டும் என்ற விதி தளர வேண்டும். சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் கிடைக்கும் நேரடி இடம் அந்த லீக்குகளுக்கும் உறுதியாக வேண்டும். இது இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியாளரும் சம்மதிக்க மாட்டார். பிக் டென்னின் இப்போதைய ஒப்பந்தம் 2029–30 பருவத்தோடு முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சு தொடங்கும் முன்பே இந்த விதிகளை எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் விளையாட்டுப் பக்க வாசகர்