கீழ்த்தள அறைக்குத் திறக்கும் ஜன்னல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பகுதியில் கொத்தனார் 'பேஸ்மென்ட்' என்றால் தரைக்கு மேலே எழுப்பும் அடிப்பீடத்தைத்தான் குறிப்பிடுவார். கடைக்கால் தோண்டும்போதே ஊற்று கசியும் காவிரிப் படுகையில், மண்ணுக்குக் கீழே அறை கட்டி வசிப்பது அரிது. இப்போதோ வண்டி நிறுத்தவும் சரக்கு வைக்கவும் மண்ணுக்கடியில் கட்டிய கீழ்த்தளத்துக்கு வண்ணம் பூசி, குளிர்சாதனம் பொருத்தி, தங்கும் அறையாக்கிவிடுவதைப் பார்க்கிறேன்.

சென்ற மாதம் தஞ்சாவூரில் உறவினர் மகன் வாடகைக்கு இருக்கும் அப்படியொரு அறைக்குப் போயிருந்தேன். கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவனாதலால் கை தானாகவே அளவு நாடாவைத் தேடியது. இருந்த ஒரே ஜன்னல் ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரம். கம்பிகளைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. அதனடியில் இன்வெர்ட்டர் பேட்டரி. தீப்பிடிக்க வாய்ப்புள்ள பொருளை, தப்பிக்க இருக்கும் ஒரே வழியிலேயே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி, கீழ்த்தளப் படுக்கையறையில் ஆள் வெளியேறும்படியான ஜன்னலோ கதவோ கட்டாயம். ஜன்னலைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி குறைந்தது 20 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும், பொதுவாக மொத்தம் 5.7 சதுர அடியும் (தரை மட்டத்திலோ அதற்குக் கீழோ உள்ள ஜன்னலுக்கு 5 சதுர அடி) இருக்க வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வர வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியேற மட்டுமல்ல, முதுகில் காற்றுக் கலனோடு தீயணைப்பு வீரர் உள்ளே நுழையவும் இந்த அளவு தேவைப்படுகிறது.

அந்த விதியை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. தரை மட்டத்துக்குக் கீழே ஜன்னல் வைத்து, அதன் வழியாக வெளியேற வெளியே மண்ணில் குழி எடுத்தால், ஐப்பசி மழையில் அது தொட்டியாகிவிடும். நம் ஊருக்கு, பாதித் தளம் தரைக்கு மேல் நிற்கும்படி கட்டி, ஜன்னலைத் தெரு மட்டத்துக்கு மேலே வைப்பதுதான் சரி. அதிலும் ஒரு சிக்கல்: பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. நான் பார்த்த ஜன்னலின் அடிவிளிம்பும் சாலையும் இன்று ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

தண்ணீர் படிக்கட்டு வழியாகவும் புகும். மூன்றடி அகலக் கதவின் ஒரு பக்கம் இரண்டடித் தண்ணீர் தேங்கினாலே, ஏறக்குறைய 170 கிலோ எடைக்குச் சமமான விசை அதை அழுத்தும். அதை எதிர்த்துத் தள்ளித் திறப்பது ஓர் ஆளால் ஆகாது. 2024 ஜூலையில் டெல்லி பழைய ராஜேந்திர நகரில், பயிற்சி மையத்தின் கீழ்த்தளப் படிப்பகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வெளியேற வழி குறுகினால் என்ன ஆகும் என்பதை, 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த எங்கள் கும்பகோணத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, கீழ்த்தளத்தில் ஆள் தங்கும் கட்டடங்களுக்கு அனுமதி வழங்கும்போதும் வரி விதிக்க அளக்கும்போதும், உள்ளிருந்து திறக்கும் ஜன்னல் உண்டா என்று உள்ளாட்சி அலுவலர்கள் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டியவர்கள், ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பைப் பெரிதாக்கி, கீல் வைத்த கிரில்லும் உட்புறம் பூட்டில்லாத தாழ்ப்பாளும் போட்டுக்கொள்ளலாம். சுவரை வெட்டுமுன் பொறியாளரைக் கேட்டுக்கொள்வது அவசியம். இதை அந்த அறையின் உரிமையாளரிடம் சொன்னபோது, "திருடன் வந்துட்டா என்ன சார் பண்றது?" என்று கேட்டார். உட்புறத் தாழ்ப்பாளுக்கு வெளியிலிருந்து கை எட்டாதபடி தகடு அடிக்கலாம் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
கும்பகோணம்.