கீட்டனின் கால்களை வெட்டாதீர்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மௌனப்படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்கங்களுக்கும் கல்லூரித் திரைக் குழுக்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின், ஏறக்குறைய நூறாண்டு பழமையான படங்களை விடாமல் போட்டு வருகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அந்தப் படங்களைப் போடும் விதம் பற்றித்தான் இந்த மடல். திரை நிறைய வேண்டும் என்று ஃப்ரேமின் மேலும் கீழும் வெட்டுகிறோம், கிடைத்த பிரதியைக் கிடைத்த வேகத்தில் ஓட்டுகிறோம், பின்னணியில் ஏதோ ஒரு பியானோவை ஓடவிடுகிறோம். வேறு பல நடிகர்களின் படங்கள் இதையெல்லாம் தாங்கிவிடும். கீட்டன் படம் தாங்காது.

‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர் மேல் விழும். மாடத்து ஜன்னல் திறந்திருப்பதால், அந்த ஓட்டை வழியே அவர் நின்றது நின்றபடி தப்புவார். 1928இல் வெளிவந்த படம். கணினி வித்தையோ டூப்போ கிடையாது. முதலில் சுவரின் சட்டத்தைக் கட்டி, கீழ்விளிம்பில் கீல் பொருத்தினார்கள். அதைத் தரையில் படுக்கவைத்து, கீட்டன் நிற்கும் இடத்தைச் சுற்றி ஜன்னலை அளந்து அமைத்தார்கள். தோளுக்கும் தலைக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் தரையில் ஆணி அடித்து அடையாளம் வைத்தார்கள். அதன் பிறகுதான் சட்டத்தை நிமிர்த்திச் சுவரை முடித்தார்கள். எடை இரண்டு டன் என்பார்கள். விமான இன்ஜின் பூட்டிய காற்று எந்திரங்கள் வீசும்போது லேசான சுவராக இருந்தால் விழுகிற வழியிலேயே முறுக்கிக்கொள்ளும், ஜன்னல் இடம் தவறிவிடும். அதனால் கனமாகத்தான் கட்டியாக வேண்டும்.

இந்த ஷாட்டில் வெட்டே இல்லை. சுவரின் உச்சி, அவர் பாதம், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் எல்லாம் ஒரே ஃப்ரேமில் தெரிவதால்தான் நாம் நம்புகிறோம். மௌனப்பட ஃப்ரேமின் அகல-உயர விகிதம் ஏறக்குறைய 4:3. அதை 16:9 திரைக்குப் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு காணாமல் போகிறது: மேலே எட்டில் ஒன்று, கீழே எட்டில் ஒன்று. கீட்டனோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தெரியும்படி தள்ளி நின்று எடுக்கச் சொன்னவர். வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தாலும் தப்பு. ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலமாகி, அந்த ஒல்லி உடம்பின் வேகம் செத்துவிடும். ப்ரொஜக்டரில் 4:3 வையுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை விழட்டும், பார்வையாளர்கள் ஐந்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்கள். வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டை வரும்போது மேல்வரியும் கீழ்வரியும் ஓரத்தை ஒட்டி நசுங்கித் தெரிந்தால், உங்களுக்குக் கிடைத்த பிரதியே வெட்டுப்பட்டது. வேறு தேடுங்கள்.

அடுத்தது வேகம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். ஆயிரம் அடி ரீல் விநாடிக்கு 24 ஃப்ரேமில் 11 நிமிடம் ஓடும், 16 ஃப்ரேமில் 17 நிமிடத்தை நெருங்கும். “மௌனப்படம் என்றால் 16” என்று பாடம்போலச் சொல்கிறார்கள். 1920களின் பிற்பகுதிக்கு அது பொருந்தாது. அந்த வேகத்தில் ஓடும் கீட்டனின் ‘தி ஜெனரல்’ சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். சாதாரணமாக அந்தப் படம் 75 முதல் 80 நிமிடம். உங்கள் கோப்பு நூறு நிமிடத்தைத் தாண்டினால் யாரோ வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். 16ஐ 24 ஆக்குவதற்கு ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமை இரண்டு முறை அச்சிட்ட பிரதிகளும் உண்டு. ஓடும் காலைப் பாருங்கள், விக்கி விக்கி நகரும். டிவியில் போடுவதாக இருந்தால் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது இல்லாத ஃப்ரேமைத் தானே உண்டாக்கி இடையில் செருகுகிறது.

‘தி ஜெனரல்’ படத்தில் ஓடும் ரயில் இன்ஜினின் முன்தட்டியில் கீட்டன் ஒரு கனத்த கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே தண்டவாளத்தின் மேல் இன்னொரு கட்டை கிடக்கும். கையிலுள்ளதை அதன் நுனியில் எறிவார், இரண்டும் துள்ளி வெளியே போகும். எறி தவறினால் இன்ஜின் தடம் புரளக்கூடும். இந்தக் காட்சியின் உயிரே நேரக் கணக்குதான். வேகத்தை மாற்றினால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். இதே படத்தில் 1926 ஜூலையில் ஒரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் அருகே உண்மையான இன்ஜினைப் பாலத்தோடு ஆற்றில் விழவைத்தார்கள். அந்த ஒரு ஷாட்டுக்கு ஆன செலவு 42,000 டாலர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. படம் வசூலில் தோற்றது. ஆனால் பாதுகாக்க வேண்டிய படங்களைப் பட்டியலிடும் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1989இல் சேர்ந்த முதல் 25 படங்களில் அதுவும் ஒன்று.

இனி உங்கள் துண்டறிக்கைகள். “பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் ஒழிந்துபோனார்” என்று அவற்றில் தொடர்ந்து வருகிறது. இது தவறு, அவருக்குச் செய்யும் அநியாயமும்கூட. 1895இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துப் பிக்குவாவில் பிறந்தவர் அவர். அப்பா ஜோ, அம்மா மைராவோடு சிறுவனாகவே மேடையேறினார். அப்பா தூக்கி எறிய வசதியாகச் சட்டையில் பெட்டிக் கைப்பிடி தைத்திருந்தார்கள். தான் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். 1917இல் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளோடு சினிமாவுக்கு வந்தார். 1920 முதல் சொந்தக் குழுவோடு 19 குறும்படங்களும் 10 முழுநீளப் படங்களும் செய்தார். 1928இல் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். பட நிறுவனத்தில் சேர்ந்ததும் அந்தக் குழு கலைந்தது. எழுதிய திரைக்கதை இல்லாமல், களத்தில் யோசித்து எடுத்துப் பழகியவர் கையில் முடிந்த திரைக்கதையைக் கொடுத்தார்கள். அங்கே அவர் நடித்த பேசும்படங்கள் லாபம் ஈட்டின. போனது, படத்தைத் தன் விருப்பப்படி எடுக்கும் அதிகாரம். அதோடு குடியும் சேர்ந்தது, திருமணமும் முறிந்தது. 1933இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். கதையை அங்கே நிறுத்திவிடாதீர்கள். 1940இல் எலினோர் நாரிஸை மணந்தார். பிறர் படங்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுத்தார், தொலைக்காட்சியில் நடித்தார், 1960இல் கௌரவ ஆஸ்கர் பெற்றார். 1966 பிப்ரவரி 1 அன்று இறக்கும்வரை வேலையை விடவில்லை.

“கல்முகம்” என்று போஸ்டரில் போடுவதும் பாதி உண்மைதான். வாய் அசையாது, கண்கள் ஓயாது. மங்கிய பிரதியில் அந்தக் கண்கள்தான் முதலில் காணாமல் போகும்.

நல்ல பிரதி வாங்கச் சட்டம் தடையில்லை. இந்தியாவில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை வெளியான பிறகு 60 ஆண்டுதான், ஆகவே இவரது மௌனப்படங்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு, அதைக் கேட்டுப் பெறுங்கள்.

முடிந்தால் நேரடியாக வாசிக்க ஒருவரை அழையுங்கள். படத்தை முன்பே இரண்டு முறையாவது அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். விழுகிற ஒவ்வொரு முறையும் ‘டொய்ங்’ என்று தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவர் சாயத் தொடங்கும்போது வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். தூசி அடங்கி, கீட்டன் சுற்றுமுற்றும் பார்த்து ஓடத் தொடங்கிய பிறகு மறுபடி ஆரம்பிக்கட்டும்.

அன்புடன்,
மௌனப்பட ஆர்வலர்கள் சிலர்