எங்கட பழைய பாட்டு மன்றம், திருகோணமலை: செயலாளற்ற ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் அறிக்கை நீண்டு போச்செண்டு தலைவர் பகிடி பண்ணினவர், அதால இந்தமுறை சுருக்கமாத்தான் தொடங்குறன், எங்க போய் முடியுமோ தெரியாது.

செயற்குழு 12 தரம் கூடியிருக்கவேணும், கூடினது 5 தரம், அதிலயும் ரெண்டு தரம் நானும் பொருளாளரும் மட்டும் இருந்து பிளேன்ரீ குடிச்சிட்டு வந்தம். பொங்கல் விழா நடந்தது. கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு ஒரு பயணம் போனம், பஸ் காசு இன்னும் நாலு பேர் தரவேணும், ஆரெண்டு அவைக்கே தெரியும்.

இனி முக்கிய விஷயத்துக்கு வாறன். "எங்கட ஊரில எடுத்த படங்களின்ர பாட்டு" எண்டு ஒரு பின்னேர நிகழ்ச்சி வைக்கலாம் எண்டு நான்தான் சொன்னனான், எல்லாரும் கை தட்டினவை, வேலை எண்டு வரேக்க கை தட்டின ஒரு கையையும் காணேல்ல. நான் வைச்ச விதி ஒண்டே ஒண்டுதான், படம் இஞ்ச எடுத்ததா இருக்கவேணும். அதுக்கே சண்டை. ஒரு மூத்த உறுப்பினர் பைலட் பிரேம்நாத் பாட்டுப் போட்டே ஆகவேணும் எண்டு நிண்டார். 1978இல வந்த படம், சிவாஜி, எங்கட மாலினி பொன்சேகா, எம்.எஸ்.வி. இசை, "இலங்கையின் இளங்குயில்" எனக்கும் விருப்பமான பாட்டுத்தான், ஆனா இலங்கை எண்டு பாடினாப்போல அது திருகோணமலை ஆகிடுமோ எண்டு கேட்டன். அண்டைக்கு இரவே வட்ஸ்அப் குரூப்பை விட்டுப் போனவர் போனவர்தான், சந்தாவும் அவரோடயே போச்சு.

கடைசியில நான் நடுவில வைச்சது ஒரு சிங்களப் படம். 1962இல வந்த "ரன்முத்து தூவ", பொன் முத்துத் தீவு எண்டு அர்த்தம். சிங்களத்தில முதல் முழுநீளக் கலர்ப் படம், காமினி பொன்சேகா நடிச்சது. எடுத்தவர் மைக் வில்சன் எண்ட வெள்ளைக்காரர், அவரும் விஞ்ஞானக் கதை எழுதிற ஆர்தர் சி. கிளார்க்கும் 1956இல எங்கட கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலைக்குக் கீழ சுழியோடி, போர்த்துக்கீசர் இடிச்சுக் கடலுக்குள்ள தள்ளின கோணேசர் கோயில் கல்லுகளைக் கண்டவை. பிறகு அதே கடலுக்குள்ள கமராவை இறக்கித்தான் புதையல் கதை எடுத்தவை. நாங்கள் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவில நிண்டு கீழ எட்டிப் பாத்து தலை சுத்தி வாற அந்தத் தண்ணிதான். படம் வந்து அடுத்த வருஷம், 1963இல, மேல புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம்.

ஏன் சிங்களப் பாட்டு, தமிழ் மன்றத்துக்கு இது தேவையோ எண்டு மூண்டு பேர் போனில கேட்டவை. நேரில வந்து கேட்டிருந்தா சம்பந்தர் தேவாரத்தை எடுத்துக் காட்டியிருப்பன். "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை" எண்டு ஏழாம் நூற்றாண்டிலயே பாடிட்டார், நித்திலம் எண்டா முத்து. எங்கட கடலில முத்து எண்டு முதல் சொன்னது எங்கட ஆள்தான், வெள்ளைக்காரர் பிறகுதான் வந்தவர்.

பாட்டு "கலன கங்ககி ஜீவிதே". இசை அமரதேவ, வரி மானவசிங்க, பாடினது நாரத திசாசேகரவும் நந்தா மாலினியும், அந்தப் பிள்ளைக்கு அப்ப இருபது வயசும் ஆகேல்ல. ஓடுற கங்கை மாதிரி வாழ்க்கை எண்டு தொடங்கும். கடலுக்குள்ள எடுத்த படத்தில ஏன் கங்கையைப் பற்றிப் பாடுறாங்கள் எண்டு எனக்குக் கனகாலமா ஒரு யோசினை, பிறகுதான் ஒருநாள் மூதூர் போகேக்க பட்டுது, மகாவலி வந்து விழுறது எங்கட கொட்டியாரக் குடாவிலதானே. எழுதினவர் அதை நினைச்சு எழுதினாரோ இல்லையோ, நான் அப்பிடித்தான் கேக்கிறன்.

சிங்கள வரியைத் தமிழ் எழுத்தில ஒரு கிழமையா இருந்து எழுதினன். எங்கட க ஒண்டுக்குள்ள எத்தினை சத்தத்தை அடைக்கிறது, பொடியள் கங்கையைக் கக்கி கக்கி எண்டு பாடி எடுத்தாங்கள். நிகழ்ச்சி அண்டு ஹோலில 80 கதிரை போட்டு வந்தது 14 பேர், அதில ஸ்பீக்கர்காரரும் அடக்கம். பாதியில கரண்ட் வேற நிண்டு போச்சு. பக்கத்து ரோட்டில இருக்கிற ஒரு வயசான சிங்கள ஐயா சத்தம் கேட்டு வந்தவர், எங்கட பொடியள்ட உச்சரிப்பைக் கேட்டுத் தாங்கேலாமல் எழும்பி, கரண்ட் இல்லாத இருட்டில முழுப்பாட்டையும் தானே பாடிக் காட்டினார். பிறகு சந்தா எவ்வளவு எண்டு கேட்டு 600 ரூபாவை அங்கயே தந்தார். உறுப்பினரே இல்லாத மனிசன். எங்கட இடாப்பில 43 பேர், கட்டினது 17, அந்த ஐயாவோட 18.

கணக்கு கிட்டத்தட்டச் சரி. விவரம் ஃபைலில இருக்காம், ஃபைல் பொருளாளற்ற மகள்ட வீட்டில கொழும்பில இருக்காம். ஹோல் வாடகையில ஒரு பங்கு என்ட கையில இருந்து போனது, அதை நான் எழுதவேண்டாம் எண்டுதான் நினைச்சனான்.

தலைவருக்கு நன்றி, உபதலைவர் ரெண்டு பேருக்கும் நன்றி, வடை சுட்டுத் தந்த வீட்டுக்காரிக்கு நன்றி, அவவுக்கு மட்டும் மனசோட.

வாற வருஷம் நான் செயலாளரா நிக்கிற எண்ணம் இல்லை, இளம் ஆக்கள் வரட்டும். ஆனா அந்தப் படத்தை டச்சு பே கடற்கரையில வெள்ளைத் துணி கட்டிப் போடவேணும் எண்டொரு ஆசை கிடக்கு, 43 பேரும் கட்டினா ஆருக்கும் பாரமில்லாமல் செய்யலாம், 18 பேரோட எண்டா துணி மட்டும்தான் கட்டலாம். புதுச் செயலாளர் ஆரும் வந்தா ஸ்பீக்கர் வயர், இடாப்பு, ரசீதுப் புத்தகம் எல்லாம் என்ட வீட்டில கிடக்கு. ரசீதுப் புத்தகத்தில இன்னும் 25 தாள் மிச்சம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நான் வீட்டிலதான்.