ரத்தம் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். 'ஆய்வில் தெரியவந்துள்ளது' என்று முடிகிற செய்தி கண்ணில் பட்டால் இரண்டு தடவை படிப்பேன். பதினான்கு வருடமாக ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதும், ரத்தம் எடுப்பதும்தான் என் வேலை. 'ஆயிரக்கணக்கானோர் பங்கேற்ற ஆய்வு' என்று போடுகிறீர்கள் அல்லவா, அந்த ஆயிரக்கணக்கானோரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. அவர்களுக்காக ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பல வருடம் ஓடுகிற ஆய்வு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குத் திரும்பப் போக வேண்டும். இரண்டாவது சுற்றுக்குப் போனபோது, என்னைப் பார்த்ததும் பாட்டி உள்ளே போய் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துவந்தார். திறந்தால், உள்ளே நான்காக மடித்த ஓர் அட்டை. முதல் சுற்றில் நான் கொடுத்த பங்கேற்பாளர் அட்டை. மடிப்பில் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டியிருந்தார். ஸ்டிக்கரில் இருந்த எண் மங்கிப்போனதால், அதற்குக் கீழே அதே எண்ணைப் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருந்தார். அட்டையை என் கையில் கொடுத்துவிட்டு, "போன தடவை எடுத்துட்டுப் போனியேம்மா, அது என்ன ஆச்சு?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. எத்தனை மில்லி எடுப்போம், எங்கே வைப்போம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்படி விலகலாம் என்று எல்லாவற்றுக்கும் பயிற்சியில் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இல்லை. "ஆய்வு நடந்துகிட்டே இருக்கு பாட்டி" என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு கையை நீட்டினார். மறுபடி ரத்தம் எடுத்தேன். ஊசி குத்துகிற நேரத்தில் எனக்குத்தான் வலித்தது.

அந்த ரத்தத்துக்கு என்ன ஆகிறது என்பது எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே வேகமாகச் சுழற்றி, சீரம் என்ற தெளிந்த நீர்ப் பகுதியைப் பிரிப்பார்கள். சின்னச் சின்னக் குப்பிகளில் ஊற்றி மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். இதற்குள் பாட்டியின் பெயர் போய் ஓர் எண் வந்திருக்கும். அந்தரங்கத்தைக் காப்பாற்ற அது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பதினான்கு வருடம் பார்த்ததில் ஒன்று புரிகிறது. எண் மட்டுமே தெரிகிறவர்களுக்கு, யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற நினைப்பே மெதுவாக மறந்துபோகிறது. பதில் கேட்கிற முகம் களத்தில் இருக்கிறது. பதில் தெரிந்தவர் கணினி முன்னால் இருக்கிறார்.

அப்புறம் கட்டுரை வரும். வருடக்கணக்காகும். ஆங்கிலத்தில், பணம் கட்டினால்தான் திறக்கும் இதழில் வரும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வின் கட்டுரையைத் தெரிந்தவர் ஒருவர் அச்செடுத்துக் கொடுத்துத்தான் படித்தேன். அட்டவணையின் மேலே 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு, பக்கத்தில் பங்கேற்றவர்களின் எண்ணிக்கையைப் போட்டிருந்தார்கள். நான் ஏறி இறங்கிய படிகள் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் இருந்தன. கடைசிப் பக்கத்தில் 'பங்கேற்பாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. யாருக்கு நன்றியோ, அவர்களில் ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில்.

விதி இல்லாமல் இல்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனத்தைக் கொண்டுவந்தது. ஆய்வின் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பங்கேற்ற எல்லாருக்கும் தர வேண்டும் என்று அதன் 2013 திருத்தத்திலேயே இருக்கிறது. 2024-இல் மறுபடி திருத்தியபோது, ஆய்வுக்கு 'உட்படுத்தப்படுகிறவர்கள்' என்ற பொருள் தரும் பழைய சொல்லை எடுத்துவிட்டுப் 'பங்கேற்பாளர்கள்' என்று போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், மருந்துப் பரிசோதனை முடிந்து ஒரு வருடத்துக்குள் சாதாரண மக்களுக்குப் புரிகிற மொழியில் முடிவின் சுருக்கத்தைப் பொதுத் தளத்தில் தர வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறது. 2022 ஜனவரி 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பொதுத் தளத்தில் ஏற்றிவிட்டால் போதுமா? கண்ணாடிக் கூட்டில் அட்டையை வைத்திருப்பவர் அந்தத் தளத்தை எப்படித் தேடுவார்? நேரில் போய்க் கேட்டு வாங்கியதற்கு நேரில் போய்ப் பதில் சொல்வதுதானே முறை.

எல்லாவற்றையும் எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் அங்கேயே சொல்லி, சீட்டில் எழுதிக் கொடுத்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவேன். மரபணுவில் ஏதோ தெரிகிறது என்றால் அது வேறு விஷயம். அதன் பொருள் இன்னும் நிச்சயமாகத் தெரியாமல் இருக்கலாம். விளக்கிச் சொல்லத் தெரிந்த ஆலோசகர் பக்கத்தில் இல்லாமல் அதைச் சொன்னால் குடும்பமே கலங்கிப்போகும். ஆனால் நான் கேட்பது ஒருவருடைய தனிப்பட்ட பரிசோதனை முடிவை அல்ல. 'இத்தனை பேரிடம் கேட்டோம், இது தெரிந்தது' என்று ஒரு பக்கம். அதைச் சொல்ல என்ன தடை? எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாமே. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிவதும், அதைச் சாப்பிட்டுப் பார்த்தவருக்கு முக்கியமான செய்திதான்.

சமூக ஆய்வுகளிலும் இதே கதைதான். அங்கே எடுப்பது ரத்தம் அல்ல, வாழ்க்கை. மனைவியை இழந்த ஒரு பெரியவர் தனிமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் என்னிடம் பேசினார். நான் படிவத்தில் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட்டேன். கிளம்பும்போது, "மத்தவங்களும் இப்படித்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார். தன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்று ஒரே ஒரு வரி தெரிந்தால் போதும் அவருக்கு. மற்றவர்களின் பதிலை வெளியே சொல்லக்கூடாது என்பதால் நான் வாய் திறக்கவில்லை. ஆய்வு முடிந்த பிறகாவது யாராவது அவருக்குச் சொன்னார்களா? இல்லை.

சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாசுபாய் மக்களின் அனுபவம் இருக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் சிறிய பூர்வகுடி அவர்கள். நீரிழிவு அவர்களைப் பாடாய்ப் படுத்தியது. ஏன் என்று தெரியட்டும் என்று 1990-இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். 2003-இல் அந்த மக்களில் ஒருவரான கார்லெட்டா டிலூசி, அதே பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வு விளக்கக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தபோதுதான், தம் மக்களின் ரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் போயிருப்பது தெரிந்தது. மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுக்குள் மணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை போயிருந்தது. தங்கள் பிறப்பிடம் அந்தப் பள்ளத்தாக்குதான் என்று நம்புகிற மக்களின் ரத்தத்தை வைத்தே அதை மறுக்கும் ஆய்வு! வழக்கு நடந்து, 2010-இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மீதமிருந்த ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மக்களிடம் போய் 'இதைத்தான் செய்கிறோம்' என்று சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

முறையாக உறவு வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் 5,362 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் முதியவர்களான பிறகும் விடாமல் தொடர்கிறது ஓர் ஆய்வு. அவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டை அனுப்புகிறார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் வருடம் தவறாமல் வாழ்த்து வருகிற இடத்திலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினால் யார் திறக்க மாட்டார்கள்? அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நடக்கும் இதய ஆய்வு 1948-இல் 5,209 பேரோடு தொடங்கியது. 1971-இல் அவர்களின் பிள்ளைகள் சேர்ந்தார்கள், 2002-இல் பேரப்பிள்ளைகள். தாத்தா கொடுத்த இடத்தில் பேரனும் கை நீட்டுகிறான் என்றால், நடுவில் நம்பிக்கை அறுந்துபோகாமல் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐயா, உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆய்வுச் செய்தி போடும்போது ஆய்வாளரிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: 'பங்கேற்றவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டீர்களா, எப்படிச் சொன்னீர்கள்?' அவர் சொல்கிற பதிலைச் செய்தியில் ஒரு வரியாகப் போடுங்கள். செய்தித்தாளில் வரும் என்று தெரிந்தால், திட்டம் எழுதும்போதே அதற்கான ஆளையும் பணத்தையும் ஒதுக்குவார்கள். இப்போது அச்சுக் கூலிக்குக்கூட ஒதுக்குவதில்லை. வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முடிவு எப்போது, எந்த வழியில் உங்களுக்கு வரும் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் அதைத் தப்பாக நினைக்கவே மாட்டோம்.

இந்த முறை மூன்றாவது சுற்றுக்குப் போவதற்கு முன்னால் மேலதிகாரியிடம் மன்றாடி, இரண்டாவது சுற்றின் முடிவை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கினேன். அதே பாட்டி வீட்டில் உட்கார்ந்து வாசித்தேன். இரவு மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் அதற்கு முக்கியக் காரணமாகச் சொன்னது மறதி என்ற இடம் வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"மறதியா? எனக்கு ஒண்ணும் மறதி இல்லைம்மா. இருட்டினப்புறம் ரெண்டு மாத்திரை அட்டையும் ஒரே மாதிரி தெரியுது. எழுத்து கண்ணுக்குப் பிடிபடலை. மாத்திப் போட்டுடுவேனோன்னு பயந்து போடாம விட்டுடறேன். நீ கேட்டப்போ 'விட்டுப்போயிடுது'ன்னு சொன்னேன். நீ மறதின்னு எழுதிக்கிட்டே."

உண்மைதான். படிவத்தில் இருந்தவை நான்கே காரணங்கள்: மறதி, பக்கவிளைவு, செலவு, தேவையில்லை என்ற நினைப்பு. 'விட்டுப்போயிடுது' என்று அவர் சொன்னதும் நான் முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். அவர் சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் ஆய்வுத் தலைவரே போன் செய்தார். மறதி என்று டிக் போட்ட மற்ற வீடுகளிலும் என்ன காரணம் என்று திறந்த கேள்வியாகக் கேட்டுவரச் சொன்னார். இந்த வாரம் அந்த வீடுகளுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். பையில் அந்த ஒரு பக்கச் சுருக்கமும் இருக்கிறது. முதலில் அதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கேள்வியையே கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுக் களப்பணியாளர்