கோழி வேறு, வாத்து வேறு

சாமர்செட், இங்கிலாந்து
மார்ச், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அப்பா கண்ணுக்குச் சொட்டு மருந்தை விடாமல் போடுகிறாரா? நீதான் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர்.

"கடனை உடனை வாங்கி லண்டன் போனவள் அங்கே வாத்து மேய்க்கிறாள்" என்று சின்னம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். முதலில், இது லண்டன் இல்லை. லண்டனிலிருந்து ரயிலில் மேற்கே வர வேண்டும். இரண்டாவது, ஆறு வாத்து வைத்திருப்பதற்குப் பெயர் மேய்ப்பது இல்லை. போனில் நீ பேசவே விடுவதில்லை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பகுதியை சாமர்செட் லெவல்ஸ் என்கிறார்கள். மலையும் பனியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும் சீமை இது இல்லை. நம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் போலவே கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டை. கடல் ஏறும்போது தண்ணீர் நிற்கும் மட்டத்தைவிட நிலம் தாழ்வு. அதனால் மழைத் தண்ணீரை வாய்க்காலில் சேர்த்து, பம்பு வைத்து ஆற்றில் ஏற்றுகிறார்கள். வாய்க்காலுக்கு இங்கே ரீன் என்று பெயர். 2013-14 குளிர்காலத்தில் வெள்ளம் வந்து மச்செல்னி என்ற ஊர் தீவாகிவிட்டது. ஜனங்கள் வாரக்கணக்கில் படகில்தான் போய்வந்தார்கள். அக்டோபரில் ஈரமாகிற மண் ஏப்ரல் வரை காய்வதில்லை. கோழி இந்தச் சேற்றில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துச் சலித்துக்கொண்டு நிற்கும். வாத்துக்கு இதுதான் சொர்க்கம். ஓடில்லாத நத்தை ஒன்று இங்கே உண்டு, விரல் நீளம் இருக்கும். ஒரே ராத்திரியில் கீரைப் பாத்தியைக் காலி செய்துவிடும். கோழி அதை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடுகிறது. வாத்து ஒரே விழுங்கு. வாத்துக்கு நான் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான்.

ஒப்புக்கொண்டேன் என்றால், கேட்டு வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் முடியவில்லை. தினம் தண்ணீர் தூக்க முடியாமல் பாதியை எங்களிடம் தள்ளிவிட்டார். காக்கி கேம்பல் என்ற ஜாதி. நம் ஊரிலும் உண்டு, பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டா அரசுப் பண்ணையில் வளர்க்கிறார்கள். ஆனால் பிறந்த இடம் இங்கேதான், எங்களுக்கு வடக்கே க்ளஸ்டர்ஷயரில் யூலி என்ற சின்ன ஊர். அடீல் கேம்பல் என்ற அம்மாள் நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால், நன்றாக முட்டையிடும் ஓட்ட வாத்து ஒன்றைப் பெரிய உடம்புள்ள ரூவான் வாத்தோடு சேர்த்து, அப்புறம் காட்டு வாத்தையும் கலந்து உண்டாக்கியது. அந்த ஓட்ட வாத்துக்கு இந்தியன் ரன்னர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், வந்ததோ ஜாவா பக்கத்துத் தீவுகளிலிருந்து. வெள்ளைக்காரனுக்கு அப்போது கிழக்கே இருந்ததெல்லாம் இந்தியாதான் போலிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். நீ முப்பது வருஷமாகக் கோழி வைத்திருக்கிறாய், அதனால் நான் எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியாதா" என்பாய். பாதிதான் தெரியும். கோழி வேறு, வாத்து வேறு.

ராத்திரியை எடுத்துக்கொள். உன் கோழிகள் இருட்டினால் தானாகக் கூண்டுக்குப் போய்விடும், நீ மூடினால் போதும். இங்கே கோழிக்காரர்கள் அந்த மூடுகிற வேலையையும் வெளிச்சம் பார்த்துச் சாத்திக்கொள்ளும் கதவிடம் விட்டுவிட்டார்கள். வாத்து அப்படி அடங்காது. இருட்டில் அதற்கு இன்னும் உற்சாகம் கூடும். நிலா வெளிச்சத்தில் புல்லைக் கிளறிக்கொண்டு நிற்கும். நரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இங்கே நரி காட்டில் மட்டும் இல்லை, தெருவில் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. டிசம்பரில் நாலு மணிக்கே சூரியன் இறங்கிவிடும். அதனால் முதியோர் இல்லத்தில் என் ஷிஃப்டையே வாத்தைப் பார்த்துத்தான் மாற்றி வைத்திருக்கிறேன். நான் இல்லாத நாளில் உன் மாப்பிள்ளை ஓட்டி அடைக்கிறார். அவருக்கு இது பிடிக்காது, ஆனால் முட்டை பிடிக்கும்.

ஓட்டுவதற்கு நீளமாக ஒரு மூங்கில் கழி. அறுவடை முடிந்து நம் வயலுக்கு வரும் வாத்துக்காரர் எப்படிப் பிடிப்பார் என்று பார்த்திருக்கிறாய் அல்லவா? அடிக்க மாட்டார். பக்கவாட்டில் நீட்டி வைப்பார், ஆயிரம் வாத்தும் கழி காட்டும் பக்கம் திரும்பும். அதையேதான் செய்கிறேன். கழி என் கையின் நீட்சி என்று அவை நம்புகின்றன. இடது பக்கம் நீட்டினால் ஆறும் ஒட்டிக்கொண்டு வலது பக்கம் ஓடுகின்றன. பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு எங்கே பழகினாய் என்று கேட்டார். அவர் இத்தனை வருஷமாக ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

தண்ணீர் அடுத்தது. குளம் கட்டாயம் இல்லை. ஆனால் தலை முழுக்க முங்கும் ஆழத்துக்கு ஒரு பாத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் மூக்குத் துவாரமும் கண்ணும் அடைத்துக்கொள்ளும். தீனி தின்னும்போதும் வாய்க்கு வாய் தண்ணீர் வேண்டும். காலையில் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் அது குழம்பாகிவிடும். கொட்டு, கழுவு, மறுபடி ஊற்று. என் வேலையில் முக்கால்வாசி இதுதான். ரீனில் விட்டுவிடலாமே என்பாய். விடக்கூடாது. காட்டுப் பறவை எச்சத்தில் பறவைக் காய்ச்சல் வருகிறது. 2022 நவம்பர் 7 முதல் மறு ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்க கோழி, வாத்து எதையும் வெளியே விடாமல் அடைத்தே வைக்க அரசாங்கம் உத்தரவு போட்டிருந்தது. அந்தக் குளிர்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெரியவர் முகம் சுளிக்கிறார்.

காகிதம் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு வாத்து வைத்திருந்தாலும் அரசில் பதிய வேண்டும். காசு இல்லை, ஆனால் பதியாமல் இருந்தால் குற்றம். இன்னொன்றைக் கேட்டால் நம்ப மாட்டாய். மிச்சச் சோறு, காய்கறித் தோல், சமையலறைக்குள் போய்வந்த எதையும் இதுகளுக்குப் போடக் கூடாது. 2001-ல் மாடுகளுக்குக் கோமாரி பரவியது பன்றிக்குப் போட்ட எச்சில் தீனியிலிருந்துதான் என்று கண்டுபிடித்து அதை அடியோடு தடுத்துவிட்டார்கள். பழைய சோற்றைக் குப்பையில் கொட்டும்போது இன்னமும் எனக்குக் கை கூசுகிறது. தோட்டத்தில் பறித்த கீரையை நேரே போடலாம், அவ்வளவுதான். ரொட்டியும் ஆகாது. இல்லத்தில் ஒரு பாட்டி, வாத்து என்றாலே ரொட்டித் துண்டை மடித்துக் கையில் திணிக்கிறார். அதைத் தின்று வளரும் குஞ்சுக்குச் சிறகு நுனி வெளியே மடங்கிப்போகலாம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உன் கணக்கு சரியாக இருந்த ஒரே இடம் அடைகாப்பது. காக்கி கேம்பல் முட்டையிடுவதில் கெட்டி, வருஷத்துக்கு முந்நூறு வரைகூட இடும். உட்காரச் சொன்னால் எழுந்து போய்விடும். "வாத்து முட்டைக்குக் கோழிதான்" என்று நீ சொல்வதைத்தான் பெரியவரும் சொன்னார். அவருடைய பஞ்சு போன்ற சில்க்கி ஜாதிக் கோழிப் பெட்டைக்கு ஆறு முட்டை வைத்தோம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கு 28. அந்த ஒரு வாரம் கூடுதலாக உட்கார எல்லாப் பெட்டைக்கும் பொறுமை இருக்காது, இது இருந்தது. கடைசி நாட்களில் முட்டை மேல் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தோம். தாய் வாத்து என்றால் ஈர வயிற்றோடு வந்து உட்காரும், கோழி உலர்ந்தே இருக்குமே. நாலு பொரித்தது.

அவற்றுக்குத் தாய் வாத்தின் எண்ணெய் ஒட்டாததால் இறகு நனைந்து விறைத்துவிடும். முதல் வாரங்களில் பெயின்ட் அடிக்கும் தட்டில் ரெண்டு விரல் தண்ணீர், அதுவும் நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். கோழி கரையில் நின்று பதறும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பெட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்ணைக் கிளறப் போய்விட்டது. கோழிக்குஞ்சுத் தீனி மட்டும் கொடுத்தால் வாத்துக்குஞ்சுக்கு நியாசின் என்ற சத்து போதாமல் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். தீனியில் ஈஸ்ட் பொடி கலக்கிறேன்.

நாலில் ரெண்டு ஆண் வாத்து. வால் மேல் இறகு சுருண்டு நிற்கும், குரல் கரகரக்கும். கத்துவதெல்லாம் பெட்டைதான், நீ போனில் கேட்டதும் அதுதான். நாலைந்து பெட்டைக்கு ஒரு ஆண் போதும், மிஞ்சினால் பெட்டையின் பிடரியைப் பிய்த்துவிடும். ஒன்றைக் கொடுத்துவிட்டோம். இன்னொன்றைக் கறியாக்கினோம், நீ அரைக்கிற மாதிரி மிளகு தூக்கலாக. உன் பேத்தி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பேர் வைத்திருந்தாளாம்.

முட்டையில் மிஞ்சியது வாசலில் மரப்பெட்டியில். பக்கத்தில் ஒரு டப்பா, எடுப்பவர் காசு போட்டுவிட்டுப் போக வேண்டும். ஆறு முட்டை ரெண்டு பவுண்டு. ஒருநாள் டப்பாவில் காசோடு ஒரு சீட்டு, கேக்குக்கு இதுதான் முட்டை என்று. கேக் சரி, ஆனால் வாத்து முட்டையை அரைவேக்காடாகச் சாப்பிடக் கூடாது. அதை அப்பாவிடம் சொல், அவருக்கு ஆஃப்பாயில் பழக்கம்.

உன் சிவப்புப் பெட்டைக்கு வாத்து முட்டை வைக்கப் போகிறேன் என்றாயே, வைத்துவிட்டாயா? நாளைக் குறித்துக்கொள், 21-ஆம் நாள் பொரிக்கவில்லை என்று எடுத்து எறிந்துவிடாதே. வாத்துக்காரர் இந்தத் தடவை நம் வயலில் பட்டி போட்டால், கால் நொண்டும் குஞ்சுக்கு என்ன கொடுக்கிறார் என்று கேட்டு அடுத்த தடவை பேசும்போது சொல். முட்டையை அடுக்க நெல் உமியா வைக்கோலா என்பதையும் கேள்.

அன்புடன்,
உன் மூத்தவள்