பார்ப்பதற்குக் கண் வேண்டியதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குவாண்டம் கட்டுரையைப் படித்தேன். இரட்டைப் பிளவுச் சோதனையைக் கட்டுரையாளர் தெளிவாகவே சொல்லியிருந்தார்: எலக்ட்ரான்களை இரண்டு பிளவுகள் வழியே விட்டால் திரையில் அலை மாதிரி வரிவரியாக விழும், எந்தப் பிளவு வழியே போனது என்று கண்டறிந்தால் அந்த வரிகள் மறைந்துவிடும். ஆனால் கடைசிப் பத்தியில், மனிதன் பார்ப்பதால்தான் எலக்ட்ரான் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது, ஆகவே மனம்தான் பொருளை ஆள்கிறது என்று முடித்துவிட்டார். அங்கேதான் எனக்கு வருத்தம். பல வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் நான். இந்த ஒரு வரியை எங்கேயோ படித்துவிட்டு வருகிற பிள்ளையின் மனதிலிருந்து அதை எடுக்க இரண்டு பீரியட் போதாது.

இது சோதித்தே பார்த்துவிட்ட விஷயம். இஸ்ரேலில் வைஸ்மான் நிறுவனத்தில் இயற்பியலாளர் மோட்டி ஹைப்லுமின் குழு காலியம் ஆர்சனைடு குறைகடத்தியில் மிகச் சிறிய ஒரு வளையம் செய்தது. எலக்ட்ரான் இந்தப் பக்கமாகவும் போகலாம், அந்தப் பக்கமாகவும் போகலாம். ஒரு பக்கத்துப் பாதையில் மட்டும் ஒரு குவாண்டம் புள்ளி. 2023 வேதியியல் நோபலில் பேசப்பட்ட, டிவி திரைக்கு நிறம் தருகிற துகள் அல்ல இது. சுற்றிலும் உலோக மின்வாய்களுக்கு மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிற குட்டி அறை.

வளையத்தின் ஊடாகக் காந்தப்புலத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் மின்னோட்டம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வளையம் அடைக்கிற பரப்பு ஒரு சதுர மைக்ரோமீட்டர் என்றால் சுமார் 4 மில்லிடெஸ்லாவுக்கு ஓர் அலை, அதாவது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தின் பலம் அளவுக்குத்தான். எலக்ட்ரான் அலையாக இரண்டு பாதையிலும் போய் மறுபடி சேருவதால் வருகிற குறுக்கீட்டு விளைவு இது: இரண்டு அலைகளின் கட்டம், அதாவது ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது, ஒத்துப்போனால் வலுக்கும், மாறினால் ஒன்றையொன்று அழிக்கும். எலக்ட்ரான் கூட்டத்துக்கு நடுவே அந்த அறைக்குள் போய்விட்டு வந்த பிறகும் கட்டம் முழுதாக அழிந்துவிடவில்லை என்று அவர்கள் 1995-ல் காட்டியதே பெரிய விஷயம்.

ஆனால் நான் சொல்ல வந்தது 1998-ல் அதே குழு செய்தது. புள்ளிக்குப் பக்கத்திலேயே, வளையத்தோடு சேராமல், எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துப் போகிற ஒரு குறுகிய சந்து வைத்தார்கள். புள்ளிக்குள் ஓர் எலக்ட்ரான் வந்து தங்கினால் அதன் எதிர்மின்னூட்டம் பக்கத்துச் சந்தில் போகிறவற்றைக் கொஞ்சம் தள்ளும், சந்தின் மின்னோட்டம் ஒரு பொடி மாறும். எந்தப் பாதையில் வந்தது என்கிற தடயம் அங்கே விழுந்துவிட்டது, அவ்வளவுதான். சந்தின் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, வளையத்தின் அலைகள் சிறுத்துக்கொண்டே போயின. அந்த மின்னோட்டத்தை யாரும் உட்கார்ந்து படிக்க வேண்டிய அவசியமே இல்லை! தடயம் விழுந்தாலே போதும். அப்புறம் இன்னொன்று, இது சுவிட்ச் போட்ட மாதிரி பட்டென்று மாறுவதில்லை. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. தடயம் லேசாக விழுந்தால் அலை லேசாகக் குறையும், அழுத்தமாக விழுந்தால் நன்றாகக் குறையும். மனம்தான் காரணம் என்றால் பாதி மனம், கால் மனம் என்றெல்லாம் சொல்ல வேண்டிவரும்.

2001-ல் மியூனிக்கில் ஒரு குழு வளையத்தின் இரண்டு பாதைகளிலும் ஆளுக்கொரு புள்ளியை வைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் குறுக்கீட்டைப் பார்த்தது. 2005-ல் ஹார்வர்டில் இரட்டைப் புள்ளிக்குள் எலக்ட்ரான்களின் சுழற்சியை (ஸ்பின் என்கிற குவாண்டம் பண்பு) கட்டுப்படுத்தியபோது, விடையைப் படிக்க அவர்கள் வைத்திருந்தது இதே மாதிரி பக்கத்துச் சந்துதான். குவாண்டம் கணினிக்குப் புள்ளிகளைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி, படிக்கவும் வேண்டும், படிப்பதற்கு முன்னால் தடயம் விழவும் கூடாது.

குழப்பத்தில் பாதி 'பார்வையாளர்' என்ற சொல்லால் வருகிறது என்று நினைக்கிறேன். தமிழில் அது கண்ணும் காதும் உள்ள ஓர் ஆளைத்தான் குறிக்கும், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர் மாதிரி. 'அளவிடும் கருவி' என்றோ 'பதிவு' என்றோ போட்டிருந்தால் மனம் உள்ளே நுழைந்திருக்காது.

அந்தக் கடைசிப் பத்திக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். முடிந்தால் அலைகள் சிறுத்துப்போகும் அந்த வரைபடத்தையும் கால் பக்கத்துக்காவது அச்சிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் இதழைக் கத்தரித்து நோட்டில் ஒட்டுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தென்காசி